ஒரே சம்பளத்தில் வீட்டுக்கடன்: கையெழுத்துக்கு முன் கணக்கு



சொந்தச் சம்பளத்தை மட்டும் நம்பி வீடு வாங்க நினைப்பவர்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். வங்கியில் நாம் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு கட்டணும்?" "மொத்தம் எவ்வளவு கட்டணும்?" என்றும் கேட்க வேண்டும்.

9 சதவீத வட்டியில் 10 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம்.

20 வருடம்: தவணை சுமார் 9,000 ரூபாய், மொத்தம் 21.6 லட்சம்.
10 வருடம்: தவணை சுமார் 12,670 ரூபாய், மொத்தம் 15.2 லட்சம்.

வித்தியாசம் 6.4 லட்சம்! அதற்காகத் தாங்க முடியாத தவணையையும் ஏற்கக் கூடாது. வேலை போனால் கைகொடுக்க வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லை. தாங்கும் தவணையை எடுங்கள். போனஸ், சீட்டுப் பணம் வரும்போது அசலில் கட்டுங்கள். மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது.

வங்கிக்குப் போகும் முன் செல்போனிலேயே செய்ய வேண்டியவை:

1. மூன்று வங்கிகளின் இணையதளத்தில் வட்டி, பரிசீலனைக் கட்டணம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். தவணைக் கணக்கும் அங்கேயே போடலாம்.
2. சிபில் அறிக்கை வருடம் ஒருமுறை இலவசம். தப்பான பாக்கி இருந்தால் முதலில் திருத்துங்கள்.
3. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள்.
4. யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

கடைசியாக, வட்டியும் கட்டணங்களும் அடங்கிய 'முக்கிய விவர அறிக்கை'யை வங்கியில் கேளுங்கள். நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தமிழிலேயே கேட்போம்; படித்த பிறகே கையெழுத்துப் போடுவோம்.

குழுவில் பேச: உங்கள் வருமானம் எவ்வளவு தவணை தாங்கும்?