கையடக்க விசைப்பலகைத் திறன்பேசி
காரைக்கால் இல்லங்கள் கண்ட பயனும் படிப்பினையும்

1. முகவுரை

ஒரு கருவியின் இயல்பை அதனை விற்போர் வாயிலாக அறிவது ஒரு முறை. அதனை நாள்தோறும் கையாண்டோர் வாயிலாக அறிவது மற்றொரு முறை. பின்னதே மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவது. ஆதலின், இற்றைக்குப் பதினைந்து ஆண்டுகட்கு முன்னர் எம்மூராகிய காரைக்காலில் பலர் கையில் விளங்கிப் பின்னர் மறைந்துபோன ஒரு சிறு கருவியைப் பற்றி, யாம் கண்டனவும் எம் உற்றார் அயலார் கூறக் கேட்டனவும் ஈண்டுத் தொகுத்துரைக்க முற்பட்டோம். அக்கருவி, எழுத்து விசைகள் முழுமையும் முகப்பிலே பொருந்தப் பெற்ற கையடக்கத் திறன்பேசியாகும்.

மறைந்த கருவியைப் பற்றி இப்பொழுது ஆராய்வானேன் என்று சிலர் வினவக்கூடும். கருவி மறைந்தது உண்மையே. ஆயினும், அது நம் தாய்மொழிக்கு விளைத்த இடர்ப்பாடும், அவ்விடர்ப்பாட்டால் நாம் கற்ற பாடமும் மறையவில்லை.

2. கருவியின் பிறப்பும் வளர்ச்சியும்

பெரிய எழுத்தைச் சிறிதாக்கும் முயற்சி எம் கடற்கரைக்குப் புதிதன்று. காரைக்காலுக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயருக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துக்கள் வந்து சேர்ந்தன. அவை பருத்தனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே அண்மையிலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முற்றும் அச்சேறி நிறைவெய்திற்று. தாள் குறைவு அக்காலத்து இடர். திரை குறுகியது எக்காலத்து இடர்? நம் காலத்ததே.

பின்னர் யாழ்ப்பாணத்தவராகிய ஆர். முத்தையா அவர்கள் மலாயாவில் இருந்த காலத்தில் தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தார். தமிழ் எழுத்துக்களோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247. இவற்றை ஒரு பொறியின் சில விசைகளுள் அடக்குதற்கு, அழுத்தினாலும் உருளை நகராத விசைகள் துணைபுரிந்தன. புள்ளியும் கொம்பும் போன்ற குறிகள் எழுத்தோடு சேர்ந்து விழுதற்கு அவையே வழியாயின.

கைப்பேசியில் முழு விசைப்பலகை புகுந்தது இவற்றிற்கெல்லாம் நெடுங்காலம் பிற்பட்டதாகும். 1996இல் நோக்கியா நிறுவனத்தார் வெளியிட்ட 9000 என்னும் பேசி பெட்டிபோல் திறப்பது. 397 கிராம் எடையுள்ளது. 1999இல் கனடா நாட்டு ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்தார் பிளாக்பெர்ரி 850 என்னும் செய்திக் கருவியை வெளியிட்டனர். அஃது இரு பெருவிரல்களாலேயே எழுதத்தக்க சிறு விசைகளை உடையது. 2008இல் வெளிவந்த நோக்கியா ஈ 71 என்னும் பேசியின் எடை 127 கிராம்; அகலம் 57 மில்லிமீட்டர்; கனம் 10 மில்லிமீட்டர். பன்னிரண்டு ஆண்டுகளில் எடை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியமை காண்க. அடுத்த ஆண்டில் பிளாக்பெர்ரி கர்வ் 8520 வந்து, இளைஞரிடையே பெரிதும் பரவிற்று.

3. காரைக்காலுக்கு வந்த வழி

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்து, 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய ஆட்சியின் கீழ் வந்தது. சட்டமுறையான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறிற்று. அப்பொழுது விரும்பியோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ள இடமளிக்கப்பட்டது. அவர்தம் வழியினர் பலர் இன்றும் பாரிசு முதலிய நகரங்களில் வாழ்கின்றனர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 'சொல்தா' குடும்பங்கள் எம்மூரிலும் புதுச்சேரியிலும் யாவரும் அறிந்தவை. ஆகவே, எம்மூரில் சில இல்லங்களுக்குத் திறன்பேசி கடைத்தெரு வழியாக வரவில்லை. விடுமுறைக்கு வந்த தம்பியின் பெட்டியிலிருந்து வந்தது.

இதனால் ஒரு விந்தை விளைந்தது. பிரான்சு நாட்டு விசைப்பலகை, இந்தியாவில் வழங்கும் ஆங்கில விசைப்பலகையினின்றும் வேறுபட்டது. ஆங்கிலப் பலகையில் 'கியூ' நிற்குமிடத்தில் பிரெஞ்சுப் பலகையில் 'ஏ' நிற்கும்; 'ஏ' நிற்குமிடத்தில் 'கியூ' நிற்கும். 'டபிள்யூ', 'இசட்' ஆகிய இரண்டும் அவ்வாறே இடம் மாறும். 'எம்' மூன்றாம் வரிசையை விட்டு இரண்டாம் வரிசைக் கடையில் ஏறிவிடும்.

எம் தமக்கையார் தட்டெழுத்துப் பயிற்சிக் கூடத்தில் ஆங்கிலம் கற்றுத் தேர்ந்தவர். தம்பி விட்டுச்சென்ற பேசியில் அவர் முதன்முதல் 'அம்மா' என்று எழுதியபொழுது, இரண்டு 'ஏ'யும் 'கியூ'வாக விழுந்தன. ஆங்கில எழுத்தால் தமிழை எழுதுங்கால் 'ஏ' என்னும் எழுத்தே மிகுதியாக வரும். ஏனெனில் அகரம் ஏறிய மெய்கள் நம் மொழியில் எங்கும் நிறைந்துள்ளன. ஆதலின் வேறெந்த எழுத்து இடம் மாறியிருந்தாலும் இத்துணைத் தொல்லை நேர்ந்திராது. ஒரு திங்களுக்குள் அவர் விரல் பழகிவிட்டது. ஈராண்டிற்குள் அந்த 'ஏ' விசையின் மேலிருந்த எழுத்தே தேய்ந்து மறைந்துவிட்டது.

4. கையாண்டோர் கண்ட நன்மைகள்

முதலாவது, விரைவு. முந்திய பன்னிரு விசைப் பேசிகளில் 'எஸ்' என்னும் ஓர் எழுத்தைப் பெற ஏழாம் விசையை நான்கு முறை அழுத்தல் வேண்டும். முழு விசைப்பலகையில் ஒருமுறை அழுத்தினாற் போதும்.

இரண்டாவது, பாராமலே எழுதும் வசதி. விசைகள் மேடும் பள்ளமுமாய் விரலுக்குத் தட்டுப்படுவன. புயல் மழையில் மின்சாரம் நின்ற இரவுகளிலும் இருளில் எழுத இயன்றது.

மூன்றாவது, ஈரக்கையால் எழுதும் வசதி. இக்காலத்துத் தொடுதிரை, விரலின் மின்தன்மையை உணர்ந்து இயங்குவது. திரையில் நீர்த்துளி படின் அது மயங்கும். அழுத்தும் விசைக்கு அம்மயக்கம் இல்லை. கிளிஞ்சல்மேட்டைச் சார்ந்த மீனவ நண்பரொருவர், வலை இழுத்த கையோடு கரைக்குச் செய்தி எழுதத் தம் பழைய பேசியே ஏற்றதாயிருந்தது என்று எம்மிடம் கூறினார். ஆயினும் அவரே, உப்புக்காற்று விசைகளினடியிற் புகுந்து ஓராண்டிற்குள் சிலவற்றைச் செயலறச் செய்தது என்றும் சொன்னார்.

நான்காவது, மின்கலம் நெடுநேரம் நின்றமை. திரை சிறிதாயிருந்ததால் மின்செலவு குறைந்தது. மேலும், மின்கலத்தைக் கழற்றி வேறொன்றை இட்டுக்கொள்ளவும் இயன்றது.

5. குறைபாடுகள்

நெடிது எழுதுவோர்க்குப் பெருவிரற் கணுக்களில் நோவு கண்டது. முகப்பிற் பாதியை விசைகள் கொண்டமையால் திரை சிறுத்து, முதியோர்க்குப் படித்தல் அரிதாயிற்று. இவையெல்லாம் சிறு குறைகள். பெருங்குறையாவது, தமிழின் நிலை.

கணினிக்கென வகுக்கப்பட்டு 1999இல் தமிழக அரசால் ஏற்கப்பட்ட தமிழ் 99 என்னும் விசைப்பலகை முறையில், உயிர் 12, மெய்வரிசை 18, புள்ளி 1 ஆக 31 விசைகள் வேண்டும். ஆங்கில எழுத்து விசைகளோ 26. எஞ்சிய ஐந்தினைக் கணினிப் பலகையில் நிறுத்தக்குறி விசைகள் ஏற்றன. கையடக்கப் பேசியிலோ அவ்விசைகளுக்குத் தனியிடம் கிடைத்திலது.

இனி, செய்தியின் அளவு. ஆங்கில எழுத்தாலான ஒரு குறுஞ்செய்தியில் 160 இடங்கள் உண்டு. தமிழ் எழுத்தில் எழுதின் 70 இடங்களே உண்டு. அதிலும் 'தமிழ்' என்னும் சொல்லுக்கு நம் கணக்கில் மூன்றெழுத்தாயினும், கருவியின் கணக்கில் மகரத்தின் இகரக் குறியும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டு ஐந்து இடம் கொள்ளும். ஆகவே தமிழில் எழுதின் காசு மிகும் என்றஞ்சிப் பலரும் ஆங்கில எழுத்தையே நாடினர். எம் இல்லத்துக் கருவியிலோ தமிழ் எழுத்து வெறுங் கட்டங்களாகவே தோன்றியமையின், அஞ்சுதற்கும் இடமில்லாமற் போயிற்று.

மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் அவர்கள் ஆக்கிய செல்லினம் என்னும் செயலி 2005இலேயே சிங்கப்பூரில் வெளியாகிக் கைப்பேசியில் தமிழிற் செய்தி எழுத வழிகாட்டிற்று. அது நம் இல்லங்களை அப்பொழுது எட்டவில்லை.

6. ஒரு நிகழ்ச்சி

2010ஆம் ஆண்டு கார்த்திகை மழையில் எம் தெருவில் முழங்காலளவு நீர் நின்றது. அன்று பிற்பகல் எம் பாட்டியாருக்கு நெஞ்சில் நோவு கண்டது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் போகிறோம் என்று தமக்கையார் பாரிசிலுள்ள தம்பிக்குத் தெரிவித்தார். இரவாயிற்று, ஆட்டோ எதுவும் தெருவுக்குள் வர ஒப்பவில்லை. அழைப்பு எடுபடாமையின், தமக்கையார் மறுபடியும் ஒரு செய்தி விடுத்தார். 'பாட்டிக்கு இப்போது வழி இல்லை' என்பதே அவர் எழுதக் கருதியது. ஆங்கில எழுத்திலோ ல, ள, ழ மூன்றற்கும் அவர் வழக்கமாக இட்டது 'எல்' ஒன்றே. தம்பி அதனை 'வலி இல்லை' என்று படித்தான். 'மகிழ்ச்சி அக்கா, நிம்மதியாகத் தூங்குங்கள்' என்று மறுமொழி வந்தது.

பாட்டியார் மூச்சுத் திணறிக் கிடக்க, அருகிலிருந்து அம்மறுமொழியைப் படித்த தமக்கையாரின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் பேசியை அணைத்து வைத்துவிட்டார். விடியற்காலையில் அயலார் ஒருவர் தம் டிராக்டரைக் கொணர, பாட்டியாரை மருத்துவமனையிற் சேர்த்தோம். நல்வினைப் பயனாய்ப் பிழைத்தார். ஆயினும் உடன்பிறந்தார் இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் தம்பி தானே அழைத்து, "அக்கா, வலி இல்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?" என்று கேட்டபொழுதுதான் உண்மை விளங்கிற்று. தமக்கையார் நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. பிறகு, "நான் எழுதியது வழி, தம்பி" என்றார்.

வலி, வழி, வளி என்னும் மூன்று சொல்லும் அந்த விசைப்பலகையில் ஒன்றாயின. நோவும் நெறியும் காற்றும் ஒன்றாகுமோ? இலக்கண வகுப்பில் லகர ளகர ழகர வேறுபாட்டை யாம் எத்தனையோ முறை சலிப்போடு கற்றதுண்டு. அவ்வேறுபாடு ஒரு குடும்பத்தின் இரண்டு நாட்களை விழுங்கத்தக்கது என்பதை அன்றே அறிந்தோம். பிற்பாடு யாம் எண்ணிப் பார்த்தபொழுது, அந்தச் செய்தியைத் தமிழெழுத்திலேயே எழுதியிருப்பினும் இடைவெளி உட்பட 28 இடங்களே கொண்டிருக்கும். கிடைப்பவை எழுபது!

7. கருவியின் முடிவு

தொடுதிரைப் பேசிகள் பெருகவே விசைப்பலகைப் பேசிகள் குன்றின. தமிழகத்துத் திருப்பெரும்புதூரில் 2006 முதல் இயங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1இல் உற்பத்தியை நிறுத்திற்று. பழைய சிம்பியன் பேசிகளில் வாட்சப் 2017 ஜூன் 30உடன் நின்றது. பிளாக்பெர்ரியின் பழைய பேசிகளுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4இல் முடிவுற்றன.

எம் இல்லத்துக் கருவியோ அதற்கு முன்பே மின்கலம் உப்பி மாண்டது. அதனுள்ளே பாட்டியார் தம் கையாற் பேரனுக்கு எழுதிய ஒரே ஒரு செய்தி இருந்தது. தமக்கையார் விசைகளைச் சுட்டிக்காட்ட, அவர் ஒவ்வொன்றாய் அழுத்தி, 'சாப்பிட்டாயா' என்று கேட்டிருந்தார். அதனை எடுத்து வேறிடத்தில் எழுதிவைக்க எவரும் எண்ணவில்லை. எம் பாட்டனார் வெளிநாட்டிலிருந்து எழுதிய காகிதக் கடிதங்கள் தகரப்பெட்டியில் இன்றும் உள்ளன. மை மங்கினும் எழுத்துத் தெரிகின்றது.

8. முடிவுரை

இவ்வாராய்ச்சியால் நாம் பெறத்தக்க பயன் மூன்று. கருவியைத் தெரிந்துகொள்ளுங்கால், அது நம் மொழியை எவ்வாறு ஏற்கின்றது என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். எடையும் விலையும் அதன்பின் நோக்கற்பாலன. இக்காலத்துப் பேசிகள் தமிழெழுத்தைக் குறைவின்றிக் காட்டுகின்றன. ஆதலின் ஆங்கில எழுத்தால் தமிழை எழுதும் பழைய வழக்கத்தைத் தொடர்தற்கு இப்பொழுது காரணம் யாதுமில்லை. மூன்றாவது, நமக்கு அரியனவாகிய சொற்களைக் கருவியின் ஆயுளை நம்பி விட்டுவைத்தலாகாது. அவற்றைப் படியெடுத்து வேறிடத்தும் வைத்தல் வேண்டும்.

எம் தமக்கையார் இப்பொழுது தொடுதிரைப் பேசியிலே தமிழில் எழுதுகின்றார். விசை எழுந்து விரலைத் தாங்காமையால் பிழை மிகுகின்றது என்பது அவர் குறை. எனினும் 'வழி' என்று எழுதும்பொழுதெல்லாம், ழகரம் திரையில் விழுந்ததைக் கண்ணாற் கண்ட பின்னரே செய்தியை விடுக்கின்றார். மாணவ நண்பர்களும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்வாராக.