விண்டோஸா, லினக்ஸா? எங்கள் வீட்டு மடிகணினி கற்றுத்தந்த பாடம்

எங்கள் வீட்டில் ஒரேயொரு மடிகணினிதான் உண்டு. 2016 இல் நானா பல்கலைக்கழகம் சென்றபோது வாப்பா வாங்கிக் கொடுத்தது. இப்போது அதில் நான் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறேன். தங்கை கடந்தகால வினாத்தாள்களைத் தேடுகிறாள். இஷாவுக்குப் பின் வாப்பா கடைக் கணக்கு எழுதுகிறார். கடந்த வருடம் அதன் திரையில் ஓர் அறிவித்தல் வந்தது: 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான ஆதரவு முடிவடைகிறது.

"அப்ப புதுசு ஒண்டு வாங்கணுமா மகள்?" என்று வாப்பா கேட்டார். கடை நிலைமை எனக்குத் தெரியும். "பார்த்துச் சொல்றேன் வாப்பா" என்றேன். அவ்வாறு பார்த்ததையே இங்கு எழுதுகிறேன்.

ஆதரவு முடிவது என்றால் என்ன?

வன்பொருளுக்கும் எமக்கும் இடையில் நின்று நினைவகம், கோப்புகள், இணைத்துள்ள சாதனங்கள் ஆகியவற்றை முகாமை செய்வது பணிசெயல் முறைமை. ஆதரவு முடிந்த மறுநாள் கணினி நின்றுவிடாது. ஆனால் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் வராது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமலே இருக்கும். பூட்டுப் பழுதான கதவைத் திருத்தாமல் குடியிருப்பது போன்றது அது.

எங்கள் முன் இருந்த வழிகள்

முதலாவது, விண்டோஸ் 11. அதற்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும். இரண்டும் எங்களிடம் உண்டு. ஆனால் ரி.பி.எம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும் வேண்டும். எங்களுடையது ஐந்தாம் தலைமுறை.

இரண்டாவது, விண்டோஸ் 10 இற்கே 2026 ஒக்டோபர் 13 வரை நீடிக்கப்பட்ட பாதுகாப்பு இற்றைப்படுத்தலைப் பெறுவது. இது கேள்வியை ஒரு வருடம் தள்ளிப்போடும், தீர்க்காது.

மூன்றாவது, லினக்ஸ். 1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருவை எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. இன்று உலகெங்குமுள்ளோர் அதை வளர்க்கிறார்கள். அன்ட்ரொய்ட் தொலைபேசிகளும் அதே கருவில்தான் இயங்குகின்றன. எனவே லினக்ஸ் எமக்குப் புதியதல்ல, பெயர்தான் புதிது. திறந்த மூல மென்பொருளில் எமது நாட்டுக்கும் பங்குண்டு. 2004 சுனாமிக்குப் பின் காணாமற்போனோரையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கையர் உருவாக்கிய 'சஹானா' அவ்வகையைச் சேர்ந்தது. பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது.

நான்காவதாக ஒரு வழியைத் தோழியொருத்தி சொன்னாள்: அனுமதிப்பத்திரம் இல்லாத பிரதியைப் போட்டுக்கொள்வது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, ஒருவரின் உழைப்பை அவர் அனுமதியின்றி எடுப்பது எமக்கு ஆகுமானதா என்பதையும் யோசிக்க வேண்டும். அந்த வழியை விட்டுவிட்டேன்.

நிறுவாமலே பரீட்சித்தல்

லினக்ஸ் மின்ட் என்ற வெளியீட்டின் எக்ஸ்.எப்.சி.ஈ பதிப்பு பழைய கணினிகளுக்கு இலகுவானது. அதை ஒரு பென் ட்ரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். வன்றட்டில் எதுவும் மாறாது. மூன்று நாட்கள் அவ்வாறு பரீட்சித்தேன்.

வைபை உடனே இணைந்தது. பைதன் ஏற்கெனவே உள்ளே இருந்தது. வினாத்தாள் பி.டி.எப் கோப்புகள் திறந்தன. ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பைச் சேர்த்ததும் தமிழ் தட்டச்சு செய்ய முடிந்தது. பாமினியில் தயாரித்த குறிப்புகள் மட்டும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. பாமினி யுனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அந்த எழுத்துருவை நிறுவியதும் சரியாயிற்று. பிரிண்டர் அச்சிட்டது, ஆனால் அதிலுள்ள ஸ்கேனர் வேலை செய்யவில்லை.

நான் விட்ட பிழை

எல்லாம் முடிந்ததென நினைத்து, "விண்டோஸை அழிச்சிட்டு இதைப் போடப் போறேன் வாப்பா" என்றேன். வாப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏழு வருசத்துக் கடைக் கணக்கு அதுக்குள்ள இரிக்கி மகள். இது அதைத் திறக்குமா?" என்று கேட்டார்.

திறக்கவில்லை. அந்தக் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே உரியது. எனது பாடத்துக்குத் தேவையான அனைத்தையும் பரீட்சித்த நான், வாப்பாவின் தேவையைக் கேட்கவே இல்லை. யார் யாருக்குக் கடன் என்ற விபரமெல்லாம் அதில்தான் இருந்தது. அன்று நான் 'சரி' என்ற பொத்தானை அழுத்தியிருந்தால்? அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எடுத்த முடிவு

முதலில் கணக்குகளையும் குடும்பப் படங்களையும் வெளி வன்றட்டொன்றில் பிரதி செய்து, திறக்கிறதா என்றும் பார்த்தோம். பிறகு கணினியின் வன்றட்டைப் பிரித்து லினக்ஸை விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவினோம். இயக்கும்போது எது வேண்டுமெனத் தெரிவு செய்யலாம். இணையமும் படிப்பும் லினக்ஸில். கணக்கும் ஸ்கேனரும் விண்டோஸில், இணையத்துடன் இணைக்காமல். புதுக் கணினிக்கான பணம் மிஞ்சியது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்: கணினியைப் பாவிக்கும் ஒவ்வொருவரிடமும் அவரது தேவையைக் கேளுங்கள். பிரதி எடுத்து வையுங்கள். பென் ட்ரைவில் பரீட்சியுங்கள். அதன் பிறகே மாற்றுங்கள். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் மட்டும் வேண்டாம்.

இப்போது தங்கையும் லினக்ஸில்தான் படிக்கிறாள். வாப்பா இன்னும் விண்டோஸில்தான். "உன்ட லினக்ஸில் என்ட கணக்கு வார நாள் சொல்லு, நானும் வாறேன்" என்கிறார். அப்படியொரு கணக்கு மென்பொருளை எழுதுவதே எனது அடுத்த செயற்றிட்டம், இன்ஷா அல்லாஹ்.