இதயத் தசை தடித்தால் இரத்த அழுத்த மாத்திரை தேவையா?

எக்கோ பரிசோதனை அறிக்கையில் ‘இதயத் தசை தடித்துள்ளது’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் கிளினிக்கில் பார்த்த இரத்த அழுத்தமோ 136/84 தான். மாத்திரை சாப்பிட வேண்டுமா, வேண்டாமா? தசை ஏன் தடித்தது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும்.

ஏன் தடிக்கிறது?

உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புவது இதயத்தின் இடது கீழறை. பெரியவர்களுக்கு அதன் சுவர் ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருந்தால், ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அறை கூடுதல் விசையோடு சுருங்க வேண்டியிருக்கிறது. பாரம் தூக்குபவரின் புயத்தைப் போல அதன் தசையிழைகள் பருக்கின்றன.

புயத்துக்கு அது பலம், இதயத்துக்கு அப்படியன்று. தசை பருக்கும் அளவுக்கு அதற்கு இரத்தம் ஊட்டும் நுண்குழாய்கள் பெருகுவதில்லை. இழைகளுக்கிடையே நார்த்திசு படிகிறது. விறைத்துப்போன அறை நன்றாகத் தளர்ந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ள முடிவதில்லை. மூச்சிரைப்பு, சீரற்ற துடிப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு இது வழிவிடுகிறது.

எப்போது மாத்திரை?

அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்து, தசையும் தடித்திருந்தால், உணவுக் கட்டுப்பாட்டோடு மாத்திரையையும் உடனே தொடங்குவதே வழக்கம். அழுத்தம் உறுப்பைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்பதற்குத் தடித்த சுவரே சாட்சி.

கிளினிக்கில் அளவு குறைவாக இருந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். சிலருக்கு அங்கே சரியாகவும் வீட்டிலோ வேலையிடத்திலோ கூடுதலாகவும் இருக்கும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் அளந்து குறித்து வையுங்கள். வீட்டுச் சராசரி 135/85ஐ எட்டினால் அது உயர் இரத்த அழுத்தமே. அதற்குச் சற்றுக் கீழே இருந்தாலும், தசை தடித்தவருக்கு மருத்துவர் மாத்திரை தரக்கூடும்.

சிகிச்சையால் பலன் உண்டா? உண்டு. தசை தடித்த 9,193 உயர் அழுத்த நோயாளிகளிடம் லொசார்டன், அட்டெனலோல் ஆகிய மருந்துகளை ஒப்பிட்ட ‘லைஃப்’ ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. இரண்டும் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்தன. ஆனால் லொசார்டன் எடுத்தவர்களுக்குத் தடிப்பு அதிகம் குறைந்தது. பக்கவாதம் 25 விழுக்காடு குறைவாக இருந்தது.

எல்லாருக்கும் பொருந்தாது

பரம்பரையாக வரும் தசைத் தடிப்பு நோய் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு உண்டு. இவர்களில் இரத்தம் வெளியேறும் பாதை அடைபட்டவர்களுக்கு, குழாயை விரிக்கும் சில அழுத்த மாத்திரைகள் மயக்கத்தையும் நெஞ்சுவலியையும் கூட்டலாம். பெருந்தமனி வால்வு சுருங்கியதால் தடித்திருந்தால், அந்த வால்வைத்தான் கவனிக்க வேண்டும். கடும் பயிற்சி செய்யும் விளையாட்டாளர்களுக்கு ஏற்படும் தடிப்பு, பயிற்சியை நிறுத்தினால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

ஆகவே மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சுவர் எத்தனை மில்லிமீட்டர்? வால்வுகள் நன்றாக உள்ளனவா? குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருந்தால், நான் வேறு பரிசோதனை செய்ய வேண்டுமா?

கருவாடு, கிச்சாப், உடனடி மீ ஆகியவற்றில் உள்ள உப்பையும் குறையுங்கள். அளவு இறங்கிவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; இறக்கி வைத்திருப்பதே அந்த மாத்திரையாக இருக்கலாம்.