கண்டியில் மரநடுகையும் காடு பேணலும்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்

மாணவர்களே, "சுற்றாடலைப் பேணுவதில் தொண்டர்களின் பங்கினை உதாரணங்களுடன் விளக்குக" என்ற வினாவுக்குப் பெரும்பாலானோர் எழுதும் விடை, "மரம் மழையைத் தரும், ஆகவே மரம் நட வேண்டும்" என்பதாகும். பிழையில்லை. ஆனால் உதாரணம் எங்கே? எந்த மரத்தை, எந்த இடத்தில், எந்த மாதத்தில் நட்டார்கள், பிறகு யார் பராமரித்தார்கள் என்று எழுதினால்தான் விடை நிறைவு பெறும். கண்டியை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

தலதா மாளிகைக்குப் பின்புறமாக உயர்ந்து நிற்கும் காடுதான் உடவத்தகலை. 1856இல் ஒதுக்குக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 104 ஹெக்டெயர். நகரத்தின் நடுவே செங்குரங்கும் காட்டுப்பன்றியும் பறவைகளும் வாழும் இடம் இது.

வெளியிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கும். உள்ளே சென்று நிலத்தைப் பாருங்கள். பல இடங்களில் ஒரே வகைக் கன்றுகள் பாய் விரித்தாற்போல் முளைத்திருக்கும். அவை அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பெரு பால்சம் மரத்தின் கன்றுகள். இதன் காய்க்குச் சிறகு உண்டு. காற்றில் பறந்து சென்று விழும். கன்று நிழலிலும் வளரும். ஆகவே உள்நாட்டு மரங்களின் நாற்றுகளுக்கு இடமில்லாமற் போகிறது. பழம் தரும் உள்நாட்டு மரங்கள் குறைந்தால், அவற்றை உண்டு விதை பரப்பும் குக்குறுவானுக்கும் வௌவாலுக்கும் உணவு குறையும். இத்தகைய தாவரங்களையே ஆக்கிரமிப்பு இனங்கள் என்கிறோம்.

இங்கே தொண்டர்களின் முதல் வேலை நடுவதன்று, பிடுங்குவது! அந்நியக் கன்றுகளை வேரோடு அகற்றிய பின்னர்தான் நாகமரம் போன்ற உள்நாட்டு மரங்களுக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கும். இந்தக் கருத்தை விடையில் எழுதத் தவறாதீர்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்தது நகருக்குத் தெற்கே உள்ள ஹந்தானை மலைத்தொடர். 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இதன் சரிவுகளில் பைனஸ் நடப்பட்ட பகுதிகள் உள்ளன. வெறுமையான நிலத்தில் பைனஸ் விரைவாக வளரும் என்பது உண்மை. ஆயினும் அதன் ஊசியிலைகள் மெதுவாகவே உக்கும். பிசின் உள்ளதால் வரட்சியான நாட்களில் தீ எளிதிற் பரவும். அப்படியானால் பைனஸை முழுவதும் வெட்டிவிடலாமா? கூடாது. சரிவில் மண் அரிக்கப்படும். சிங்கராஜ வனத்தின் எல்லையில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்குகொண்ட ஆய்வுகளில், பைனஸ் மரங்களில் சில வரிசைகள் மட்டும் அகற்றப்பட்டு, அந்த இடைவெளியில் உள்நாட்டுக் கன்றுகள் நடப்பட்டன. எஞ்சிய பைனஸ் இளங்கன்றுக்கு நிழற்குடையாயிற்று.

இனி, காலம். யூன் 5 உலக சுற்றாடல் தினம் என்பதால் எல்லாப் பாடசாலைகளிலும் அன்று மரம் நடுகிறோம். கண்டிக்குத் தென்மேற்குப் பருவமழை கிடைப்பதால் பரவாயில்லை. வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ அது வரண்ட காலம். நீரூற்றாவிட்டால் கன்று காய்ந்துவிடும். அங்கே ஒக்டோபர், நவம்பர் மழையோடு நடுவதே பொருத்தம். கண்டியிலும் அந்த மழைக்கு நடலாம். பின்னர் ஜனவரி தொடக்கம் மார்ச் வரையான வரட்சியில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சிரமதானத்தில் பொலித்தீன் பையைக் கழற்றாமலே நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களை நான் கண்டிருக்கிறேன். வேர் எங்கே போகும்? நட்டு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளாவது புல்லையும் கொடியையும் அகற்ற வேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று தேவையானால் கென்யாவைக் குறிப்பிடுங்கள். வங்காரி மாத்தாய் 1977இல் ஆரம்பித்த பசுமைப் பட்டி இயக்கத்தில் கிராமியப் பெண்கள் நாற்றுமேடை அமைத்தார்கள். நட்ட கன்றுக்கன்று, தப்பிப் பிழைத்த கன்றுக்கே அவர்களுக்குச் சிறு தொகை வழங்கப்பட்டது. 2004இல் மாத்தாய்க்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பயிற்சி: உங்கள் பாடசாலையிலோ ஊரிலோ சென்ற ஆண்டு மரம் நடப்பட்ட இடத்துக்குச் செல்லுங்கள். எத்தனை கன்றுகள் உயிருடன் உள்ளன என எண்ணுங்கள். அவற்றுள் உள்நாட்டு மரங்கள் எவை? பட்டுப்போனவற்றுக்கு நீங்கள் காணும் காரணங்கள் மூன்றினை எழுதுக.