வாழையடி வாழையும் காட்டு வாழையும்

நமது கடைகளில் தொங்கும் வாழைத்தார்களைப் பற்றிச் சற்றே யோசித்துப் பார்ப்போம். பிசாங் மாஸ், பெராங்கான், ராஜா, தாண்டோக், ரஸ்தாளி என்று எத்தனை வகை! (ரஸ்தாளி நம் தமிழ்ப் பெயர்தான், மலாய்க்காரர்களும் ‘பிசாங் ரஸ்தாளி’ என்றே கேட்டு வாங்குகிறார்கள்.) இத்தனை வகையும் எப்படி உண்டாயின, இனியும் நிலைத்திருக்குமா என்பது பழம் விற்கும் நாம் அறிய வேண்டிய விஷயமாகும்.

இவற்றின் மூதாதை காட்டு வாழை. மலேசியாவில் காட்டோரங்களிலும் மலைப்பாதை ஓரங்களிலும் அது இன்றும் தானே முளைத்து நிற்கிறது. சிறிய பழம். உரித்தால் சதை கொஞ்சம். மிளகு போன்ற கறுத்த, கெட்டியான விதைகளே அதிகம். காசு கொடுத்து யாரும் வாங்கமாட்டார்கள். ஆனால் அந்த விதையில்தான் விஷயம் இருக்கிறது. இரவில் வௌவால்கள் பூவில் தேன் குடித்து, ஒரு மரத்தின் மகரந்தத்தை மற்றொரு மரத்துக்குக் கொண்டு போகின்றன. அப்படி உண்டான விதையிலிருந்து முளைக்கும் ஒவ்வொன்றும் தாயையும் தந்தையையும் கலந்து பெற்ற புதுப்பிறவி. ஒன்று நோய்க்கு மடியும்; பக்கத்தில் நிற்கும் மற்றொன்று தாங்கும். தாங்கியதன் சந்ததி பெருகும். கடல் நடுவே பிரித்ததனால் ஜாவாவில் ஒரு விதமாகவும், நியூகினியில் வேறு விதமாகவும், நம் தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் இன்னொரு விதமாகவும் காட்டு வாழை கிளை பிரிந்தது. நம் பக்கத்துக் கிளைக்கு விஞ்ஞானிகள் மலாக்காவின் பெயரையே வைத்து ‘மலாக்கென்சிஸ்’ என்கிறார்கள்.

பிறகு மனிதன் வந்தான். நியூகினியில் சுமார் 6,500 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டிருக்கிறார்கள். படகில் கன்றுகளைத் தீவுக்குத் தீவு கொண்டு போனார்கள். பிரிந்திருந்த கிளைகள் மறுபடி கலந்தன. அவற்றில் விதையில்லாத பழங்கள் தோன்றின. கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். சாதாரணமாக ஓர் உயிருக்குப் பரம்பரைச் சொத்து இரண்டு பங்கு. அதைப் பாதியாக்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும். இன்று நாம் விற்கும் பெரும்பாலான வாழைகளுக்கோ மூன்று பங்கு. மூன்றைச் சமமாக இரண்டாக்க முடியுமா? ஆகவே விதை பிடிப்பதில்லை. கிழங்கிலிருந்து வரும் பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டே பெருக்க வேண்டும்.

‘வாழையடி வாழையாக’ என்று மணமக்களை வாழ்த்துகிறோம். வாழ்த்துக்கு அது அழகு. வாழைக்கு அதுவே ஆபத்து. கன்று தாயின் நகல். தாயைக் கொல்லும் நோய் தோட்டம் முழுவதையும் கொல்லும்.

இது நடந்தேயிருக்கிறது. நாம் ‘பிசாங் எம்புன்’ என்று விற்கும் பழம் மேல்நாடுகளில் ‘குரோ மிஷேல்’ எனப் பெயர் பெற்று, ஒரு காலத்தில் உலக ஏற்றுமதியையே ஆண்டது. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணத்தால் வரும் பனாமா வாடல் நோய் மத்திய அமெரிக்கத் தோட்டங்களை நாசமாக்கியது. 1960களுக்குள் கம்பெனிகள் அதைக் கைவிட்டு, நோய் தாங்கிய ‘காவெண்டிஷ்’ பழத்துக்கு மாறின. மறுபடியும் ஒரே வகை! அதே பூஞ்சணத்தின் புது வர்க்கம் காவெண்டிஷையும் தாக்கியது. 1990களில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெருந்தோட்டங்கள் பாழாயின. 2019இல் கொலம்பியாவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அதைப் போக்க மருந்து கிடையாது. மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும்.

பரிகாரம் எங்கே கிடைத்தது தெரியுமா? யாரும் வாங்காத அந்த மலாக்கென்சிஸில்தான். நோயைத் தாங்கும் ஒரு மரபுக்கூற்றை அதிலிருந்து எடுத்து ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் காவெண்டிஷில் சேர்த்தார்கள். 2024இல் அந்நாட்டு அரசு அந்த வாழைக்கு அனுமதி கொடுத்தது.

பெல்ஜியத்தில் லூவன் நகரில் 1,500க்கும் மேற்பட்ட வாழை வகைகளைக் கண்ணாடிக் குழாய்களில் சிறு நாற்றுக்களாகவும், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் உறைய வைத்தும் காக்கிறார்கள். நல்ல காரியம். ஆயினும் குழாயில் இருப்பது இருந்தபடியே இருக்கும். புது நோயைச் சந்தித்துப் புதிதாக ஒன்று பிறப்பது காட்டில்தான். அதற்குக் காடும் வேண்டும், வௌவாலும் வேண்டும். பத்துமலை போன்ற சுண்ணாம்புக் குகைகளில் தங்கும் தேன் வௌவால்கள் டுரியான் பூவுக்கும் மகரந்தம் சேர்ப்பவை. அவற்றைப் பழந்தின்னிச் சனியன் என்று விரட்டுவோர், டுரியான் சீசனில் எதை விற்பார்களோ!

தோட்டக்காரர் விலைபோகும் வகையைத்தான் நடுவார். எனவே ரஸ்தாளி, ராஜா போன்றவற்றில் வாரம் இரண்டு தாராவது கேட்டு வாங்கி, உரிய விலை கொடுப்பது நம் கையில் இருக்கிறது. ரஸ்தாளியும் வாடல் நோய்க்கு எளிதில் இரையாவது; நட்டம் வரலாம் என்று தெரிந்தே நடுகிறார்கள். ஊர் போய்வரும் அன்பர்கள் ஆசையால் வாழைக் கன்றைப் பெட்டியில் வைத்து, அனுமதிச் சீட்டும் சோதனையும் இன்றிக் கொண்டு வருவதை விட்டுவிட வேண்டும். வேரோடு ஒட்டி வரும் ஒரு பிடி மண் போதும், அந்தப் பூஞ்சணம் வந்து சேர.