கொழுந்திலுள்ள மகனீசியமும் விண்மீனும்

பதுளைத் தோட்டங்களில் பறிக்கும் தேயிலைக் கொழுந்துக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். அதன் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் ஒரு மகனீசியம் அணு இருக்கிறது. இயற்கை மகனீசியத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மகனீசியம்-25 என்னும் சமதானி. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

விண்மீனுக்குள் இதன் கருவோடு ஒரு புரோத்தன் சேர்ந்தால் அலுமினியம்-26 பிறக்கும். இது கதிர்த்தொழிற்பாடுடையது, அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகள். இது தேயும்போது வெளிவரும் காமாக் கதிரைச் செய்மதிகள் பால்வீதியெங்கும் கண்டுள்ளன. பால்வீதிக்கோ வயது 1000 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஆதியில் மட்டும் உண்டாகியிருந்தால் இது என்றோ தீர்ந்திருக்கும். ஆக, விண்மீன்கள் இன்னும் மூலகங்களை ஆக்கிக்கொண்டிருக்கின்றன.

எவ்வளவு வேகமாக? மகனீசியம்-25 பூசிய தகட்டின்மீது ஆர்முடுக்கியால் புரோத்தன்களைப் பாய்ச்சி, எழும் காமாக் கதிர்களை எண்ண வேண்டும். சொல்ல எளிது. இரு கருக்களும் நேரேற்றமுடையவை, ஒன்றையொன்று தள்ளும். விண்மீனில் உள்ளதைப் போன்ற குறைந்த சக்தியில் கோடானுகோடி புரோத்தன்கள் மோதினாலும் ஒன்று சேர்வது அபூர்வம். அந்தச் சொற்பச் சைகையையும் அண்டக்கதிர்கள் மூடிவிடும். லயத்துத் தகரக் கூரையில் மழை கொட்டும்போது அருகிலிருப்பவரின் முணுமுணுப்பு கேட்குமா?

ஆகவே இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில், 1400 மீற்றர் பாறைக்குக் கீழே, லூனா குழுவினர் ஆர்முடுக்கியை வைத்து அளந்தனர். முடிவு 2012இல் வெளியானது. கொல்கத்தாவின் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்திலும் விண்மீன் தாக்கங்களை அளப்பதற்கென்றே ஓர் ஆர்முடுக்கி உண்டு. “பௌதிகவியல் படித்து எங்கே போவாய்?” என்று வீட்டில் கேட்டால் நான் சொல்லும் ஊர் அதுதான்.