படைப்பணிக்குப் பின் கணினித்துறை உத்தியோகம்

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போல, தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. சிக்னல் படையில் செய்தித்தொடர்புச் சாதனங்களை இயக்கியும், விமானப்படைத் தளங்களில் ராடார்களைப் பராமரித்தும், பனிமலைச் சாவடிகளில் வலையமைப்புகளைச் சீர்செய்தும் தேர்ச்சி பெற்ற ஒருவர், 38 வயதில் அத்தகைய ஊருக்குத் திரும்பியதும், கைக்கு எட்டிய முதல் காவல் வேலையில் அமர்ந்து, கற்ற வித்தை முழுவதையும் துறந்துவிடுவதைக் காணும்பொழுது மனம் மிகவும் வருந்துகிறது. காவல் பணி கௌரவமான தொழிலே. அதனை விரும்பி ஏற்பவரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வழி அறியாமையால் அதில் போய்ச் சேர்பவருக்காகவே இதை எழுதுகிறேன். அரசாங்கக் கணினித்துறை உத்தியோகத்துக்கான பிரயத்தனம் ஓய்வு பெற்ற மறுநாள் தொடங்க வேண்டுவதன்று; சீருடையில் இருக்கும் கடைசி நான்கைந்து ஆண்டுகளிலேயே தொடங்க வேண்டுவது.

முதலில் அறிய வேண்டுவது வயதுக் கணக்கு. எந்த வாசலை நாடுவது என்பதை அதுவே நிர்ணயிக்கிறது. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பதவிகளுக்கு, விண்ணப்பதாரரின் வயதிலிருந்து படையில் கழித்த ஆண்டுகளைக் கழித்து, எஞ்சும் வயது உச்சவரம்பை 3 ஆண்டுகளுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும் என்பது விதி. 38 வயதில் 18 ஆண்டுச் சேவையோடு வெளிவருபவர், இந்தக் கணக்குப்படி 20 வயது இளைஞராகவே கருதப்படுவார். 'ஏ', 'பி' பிரிவுகளில் அகில இந்தியப் போட்டித் தேர்வால் நிரப்பப்படும் பதவிகளிலோ இந்தத் தாராளம் இல்லை. குறைந்தது 5 ஆண்டு படைச்சேவை உடையவருக்கு உச்சவரம்பின்மீது 5 ஆண்டுச் சலுகையே உண்டு. ஆகவே 30 வயது வரம்புள்ள பதவிக்கு 35 வயதோடு கதவு மூடிவிடுகிறது. தேசிய தகவலியல் மையத்தின் 'சயின்டிஸ்ட் பி' பதவியையும், பொதுத்துறை வங்கிகளின் தகவல் தொழில்நுட்ப அதிகாரி பதவியையும் குறுகிய காலச் சேவை முடித்து முப்பதுகளின் தொடக்கத்தில் வெளிவரும் அதிகாரிகள் எட்டிப் பிடிக்கலாம். நெடுங்காலம் பணியாற்றிய ஜவானுக்கும் ஹவில்தாருக்கும் 'சி' பிரிவே ராஜபாட்டை. அங்கே மத்திய அரசு அலுவலகங்களின் நேரடி நியமனத்தில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரருக்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது படி பட்டம். இதனை விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பெரும்பாலோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். பத்தாம் வகுப்புத் தேறி, 15 ஆண்டுகளுக்குக் குறையாத சேவையும் ராணுவத்தின் விசேஷக் கல்விச் சான்றிதழோ கடற்படை, விமானப்படைகளில் அதற்கு நிகரான சான்றிதழோ உடையவர், பட்டம் கோரும் 'சி' பிரிவுப் பதவிகளுக்குத் தகுதி பெறுவார் என்று அரசாணை சொல்வது மெய்யே. ஆயினும் தொழில்நுட்ப அநுபவத்தை அவசியமாகக் கோராத பதவிகளுக்கே அது செல்லும் என்ற நிபந்தனை அதனோடு இணைந்திருக்கிறது. கணினி அறிவியலில் பட்டம் என்று விளம்பரம் குறிப்பிட்டுவிட்டால், இந்தச் சமநிலைச் சான்றிதழ் அங்கே செல்லுபடியாகாது. ரயில்வே தேர்வு வாரியங்கள் 2018-ஆம் ஆண்டின் அறிவிக்கையில் தகவல் தொழில்நுட்ப ஜூனியர் இன்ஜினியர் பதவிக்குக் கோரிய தகுதியைப் பாருங்கள்: பி.ஜி.டி.சி.ஏ., பி.எஸ்ஸி. கணினி அறிவியல், பி.சி.ஏ., பி.டெக்., அல்லது டோயக் (இன்றைய நீலிட்) நிறுவனத்தின் 'பி லெவல்' என்னும் மூன்றாண்டுப் படிப்பு. இவற்றுள் ஒன்று கையில் இருந்தாலன்றி, எத்தனை ஆண்டு அநுபவமும் விண்ணப்பப் படிவத்தின் முதற்பக்கத்தைத் தாண்டாது.

ஆதலால் சேவையில் இருக்கும்பொழுதே பி.சி.ஏ. படித்து முடிப்பதே உத்தமமான மார்க்கம் என்பது என் துணிபு. அடிக்கடி இடம் மாற்றப்படும் வீரருக்கு இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மிகவும் பொருந்தும். அங்கே பி.சி.ஏ.வைக் குறைந்தது 3 ஆண்டுகளிலும் அதிகமாக 6 ஆண்டுகளிலும் முடிக்கலாம் என்பதால், ஓர் ஆண்டு எல்லைச் சாவடியில் கழிந்து தேர்வு தவறினாலும் முயற்சி வீணாகாது. சென்னை ஐ.ஐ.டி. 2020 முதல் நடத்திவரும் இணையவழித் தரவு அறிவியல் படிப்பு, நுழைவுக்கு ஜே.இ.இ. கோராதது, தரத்தில் மேலானது. ஆனால் அதன் தேர்வுகளை நேரில் சென்று எழுத வேண்டியிருப்பதால், நகரத்து நிலையங்களில் பணியாற்றுவோருக்கே அது வசதிப்படும். பட்டத்துக்கு மேல் ஏற விரும்புவோர், முன்பு டோயக் என வழங்கிய நீலிட் நிறுவனத்தின் 'ஓ', 'ஏ', 'பி' நிலைச் சான்றிதழ்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெறலாம். பட்டதாரி ஒருவர் 'பி' நிலை தேறியிருந்தால், வங்கி தகவல் தொழில்நுட்ப அதிகாரித் தேர்வுக்கும் அது தகுதியாகக் கொள்ளப்படுகிறது. மீள்குடியமர்வு இயக்ககம் ஓய்வுக்கு முன் நடத்தும் குறுகிய காலக் கணினிப் பயிற்சிகள் பயன் உடையவையே. எனினும் அவை பட்டத்துக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகா.

மூன்றாவது படி தேர்வுக்கான பயிற்சி. மேற்சொன்ன ரயில்வேத் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் 150 வினாக்களுள் 100 வினாக்கள் தொழில்நுட்பப் பகுதியைச் சேர்ந்தவை. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண் குறையும். ஆகவே இயக்க முறைமை, தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், வலையமைப்பு, நிரலாக்கம் ஆகியவற்றை அடிப்படையிலிருந்து கற்க வேண்டும். சிக்னல் படையினருக்கு வலையமைப்பு பழகிய நிலம். தரவுக் கட்டமைப்பும் நிரலாக்கமுமே அவர்களுக்குப் புதியவையாதலால், காலத்தின் பெரும்பகுதியை அவற்றுக்கே செலவிடுதல் நன்று. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டெல். விரிவுரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றோடு தட்டச்சையும் பழகிக்கொள்வது தற்காப்பு; பணியாளர் தேர்வாணையத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தரத் தேர்வில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் பதவிகள் அதனை நம்பியே இருக்கின்றன.

நான்காவது படி, சேவையின் இறுதி ஆண்டு. ஒப்பந்தக் காலம் முடிய ஓராண்டு இருக்கையிலேயே, விடுவிக்கப்படும் தேதியைக் குறிப்பிட்டுக் கட்டளை அதிகாரி வழங்கும் சான்றிதழோடு சிவில் பதவிகளுக்கு விண்ணப்பிக்க விதி இடமளிக்கிறது. யூனிட் அலுவலகத்தில் அச்சான்றிதழை அறிவிக்கையில் கண்ட படிவத்திலேயே எழுதி வாங்குங்கள். விடுவிப்புப் புத்தகத்தில் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகியன பள்ளிச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்பதை ஊர் திரும்புவதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். பின்னர் திருத்துவதற்கு ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் காத்திருக்க நேரும். ஊர் திரும்பியதும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்து அடையாள அட்டை பெறுவது முதற்காரியமாக இருக்கட்டும்.

இனி, இட ஒதுக்கீட்டை ஒருவர் ஒருமுறையே அநுபவிக்கலாம் என்பதைக் கவனத்தில் இருத்துங்கள். முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஏதேனும் ஓர் அரசுப் பதவியில் சேர்ந்துவிட்டால், மற்றொரு 'சி' பிரிவுப் பதவிக்கு வயதுச் சலுகை நிற்குமேயன்றி ஒதுக்கீடு நில்லாது. அவசரப்பட்டு எழுத்தர் பதவியில் அமர்ந்தவர், ஆறு மாதம் கழித்து வரும் கணினிப் பதவிக்குப் பொதுப் போட்டியில் நிற்க நேர்வது இதனால்தான். இதற்கு 2014-ஆம் ஆண்டின் ஆணையொன்று பரிகாரம் அளித்திருக்கிறது. முதற்பதவியில் சேருமுன்பே வேறு எந்தெந்தப் பதவிகளுக்கு எந்தெந்தத் தேதியில் விண்ணப்பித்தார் என்ற விவரத்தை, சேர்ந்தவுடனே அந்த அலுவலகத்தில் எழுத்து மூலம் உறுதிமொழியாகக் கொடுத்துவிட்டால், அந்த விண்ணப்பங்களுக்கு ஒதுக்கீடு தொடரும். ஆகையால் விண்ணப்பித்த ஒவ்வொரு பதவியையும் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி, விண்ணப்ப நகலையும் உடன் வையுங்கள்.

பதவியில் சேர்ந்த பின் எஞ்சுவது சம்பள நிர்ணயம். அதிகாரித் தரத்துக்குக் கீழ்ப்பட்ட படைவீரர் 55 வயதுக்கு முன் ஓய்வு பெற்று மத்திய அரசின் சிவில் பணியில் சேர்ந்தால், அவருடைய ராணுவ ஓய்வூதியம் முழுவதும் கணக்கில் கொள்ளப்படாமல் விடப்படும். ஓய்வூதியமும் புதிய சம்பளமும் ஒருங்கே கிடைக்கும். நிர்வாகப் பிரிவில் இதனை அறியாதவர் இருக்கலாம். ஓய்வூதியப் பட்டுவாடா ஆணையின் நகலையும் விடுவிப்புப் புத்தகத்தின் நகலையும் சேரும் நாளிலேயே கடிதத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.